முதலில் ஒயரைப் பார்!

இன்றிரவு பன்னிரண்டரை மணி முதல் மூன்றரை மணி வரை அண்டக்கதிர்கள் பூமிக்கு மிக அருகில் வரப்போகின்றனவாம். ஆகவே செல்பேசியை அணைத்து, படுக்கையிலிருந்து தள்ளி வைத்துவிட வேண்டுமாம். நாசாவே சொல்லிவிட்டதாம். இப்படி ஒரு செய்தி உங்கள் வீட்டுச் செல்பேசிக்கு ஒருமுறையாவது வந்திருக்கும். பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் செய்தி இது. 'இன்றிரவு' என்று மட்டும் இருக்குமே தவிர, எந்த மாதம், எந்தத் தேதி என்று இராது. அதனால்தான் அதற்கு வயதே ஆவதில்லை.

இந்தச் செய்தியை என் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே உள்ள சேக்காட்டில் குடியிருப்பவர் அவர். ஒரு காலத்தில் என் வகுப்பில் இயற்பியல் படித்தவர். இப்போது ஒரு கல்லூரியில் கணிப்பொறிகளைக் கட்டி மேய்க்கிறார். 'சிஸ்டம் அட்மின்' என்று சொல்வார்கள். நாம் கணிப்பொறிக் காப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் உள்ள கணிப்பொறிகள், அவற்றை இணைக்கும் கம்பிகள், மதிப்பெண் பட்டியல்கள் தங்கியிருக்கும் வட்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. அவை ஒழுங்காக ஓடும்வரை அவர் பெயர் யாருக்கும் நினைவு வராது. ஒன்று நின்றால் போதும், பத்துப் பேர் ஒரே சமயத்தில் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். இப்படிப்பட்ட வேலையில் பத்துப் பதினைந்து ஆண்டு இருப்பவர் விஞ்ஞானச் செய்திகளைப் படிக்கும் விதமே தனி. அவர் பேச்சில் கிண்டல் சற்று அதிகம். ஆனால் அதற்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வர்ற சொந்தக்காரங்களே சொன்ன நேரத்துக்கு வர்றதில்லை. அண்டக்கதிர் மட்டும் எப்படி சார் சரியா பன்னிரண்டரைக்கு வந்து மூன்றரைக்குக் கிளம்பும்?"

உள்ளங்கையில் பாயும் கதிர்

அவர் கேட்டது சரியான கேள்வி. அண்டக்கதிர்கள் ஏதோ ஓர் இரவில் மட்டும் வருபவை அல்ல. நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கின்றன. விண்மீன் வெடிப்பு போன்ற நிகழ்ச்சிகளில் பெரும் ஆற்றல் பெற்ற துகள்கள் (பெரும்பாலும் புரோட்டான்கள்) வான்வெளியில் அலைந்து நம் காற்று மண்டலத்தின் மேலடுக்கில் மோதுகின்றன. அந்த மோதலில் பிறக்கும் துகள்களில் ஒரு வகைதான் மியூவான். தரைமட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. உள்ளங்கையை வானம் பார்க்க நீட்டுங்கள். வினாடிக்கு ஒன்றிரண்டு மியூவான்கள் அதை ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடல் வழியாக நூற்றுக்கணக்கானவை போயிருக்கும். செல்பேசியை அணைப்பதால் அவற்றுக்கு நட்டமும் இல்லை, நமக்கு லாபமும் இல்லை.

'அப்படியானால் அண்டக்கதிர் கணிப்பொறியை ஒன்றும் செய்யாது என்று எழுதிவிடட்டுமா?' என்று கேட்டேன். "அதை மட்டும் எழுதிடாதீங்க சார்" என்றார் பதறிப்போய்.

2003-ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியம் நாட்டில் தேர்தல் நடந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய ஸ்கார்பேக் என்ற இடத்தில் மின்னணு முறையில் வாக்குகளை எண்ணினார்கள். ஒரு வேட்பாளருக்கு விழுந்திருக்கக் கூடிய வாக்குகளைவிட அதிக வாக்குகள் விழுந்ததாகக் கணக்கு வந்தது. மறுபடி எண்ணியபோது கூடுதலாக வந்தவை மிகச் சரியாக 4096 வாக்குகள் என்று தெரிந்தது. உங்களில் கணக்கில் சூட்டிகையானவர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள், 4096 வரும். கணிப்பொறி எண்களை 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எழுதுகிறது. வலப்பக்கத்திலிருந்து பதின்மூன்றாவது இடத்தில் இருந்த ஒரே ஒரு 0, 1-ஆக மாறினால் எண்ணில் கூடுவது 4096! நிரலில் பிழை இருக்கிறதா என்று தேடினார்கள், அகப்படவில்லை. நினைவகத்தில் ஓர் இலக்கம் தானாகப் புரண்டுவிட்டது என்ற முடிவுக்கே வர வேண்டியிருந்தது. அப்படிப் புரட்டக்கூடியவற்றுள் அண்டக்கதிரும் ஒன்று. புரட்டிய துகள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை. ஆகவே அதுதான் என்று நிரூபிக்க வழி இல்லை.

புரட்டுவது எப்படி? மியூவான் பெரும்பாலும் சாதுவாகக் கடந்து போய்விடும். அண்டக்கதிர் மோதலில் பிறக்கும் நியூட்ரான்கள்தான் பொல்லாதவை. ஒரு நியூட்ரான் சிலிக்கான் அணுக்கருவில் மோதி அதைச் சிதறடித்தால், சிதறிய துண்டுகள் போகிற வழியில் மின்னூட்டத்தை உண்டாக்குகின்றன. நினைவகச் சில்லில் ஒரு 0-க்கும் ஒரு 1-க்கும் உள்ள வேறுபாடே மிகச் சிறிய அளவு மின்னூட்டம்தானே! அது குழம்பினால் இலக்கம் புரளும். சில்லுக்கு ஒன்றும் ஆகாது; எழுதியிருந்தது மட்டும் மாறிப்போகும்.

இதற்காகவே பெரிய கணிப்பொறிகளில் தவறு திருத்தும் நினைவகம் வைக்கிறார்கள். 64 இலக்கங்களுக்கு 8 இலக்கங்கள் காவல். 64-ல் ஒன்று புரண்டால் எது புரண்டது என்று காவல் இலக்கங்களைக் கொண்டு கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். இரண்டு புரண்டால் திருத்த முடியாவிட்டாலும் 'ஏதோ தவறு' என்று கூச்சல் போடலாம். இப்படித் திருத்தும்போதெல்லாம் கணிப்பொறி தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைக்கும். நம் காப்பாளர் காலையில் காப்பிக்கு முன் அந்தப் பதிவேட்டைத்தான் படிப்பார். அதில் அவர் வைத்திருக்கும் விதி எனக்குப் பிடித்திருந்தது. "எங்கேயோ ஒரு தடவை வந்தா விண்மீன் மேல பழி போடலாம் சார். அதே இடத்துல தினம் வந்தா சில்லு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

நள்ளிரவில் நிஜமாகவே ஒன்று நடந்தது

அண்டக்கதிர்களை அளக்கும் பெரிய நிலையம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. உதகமண்டலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் நடத்தும் 'கிரேப்ஸ்-3' என்ற ஆய்வுக்கூடம் அது. அங்குள்ள மியூவான் தொலைநோக்கியின் பரப்பு 560 சதுர மீட்டர். தொலைநோக்கி என்றதும் கண்ணாடி வில்லைகளை நினைத்துவிடாதீர்கள். 6 மீட்டர் நீளமுள்ள உலோகக் குழல்கள் 3712-ஐ அடுக்கி வைத்த அமைப்பு இது. மியூவான் ஒரு குழலைக் கடக்கும்போது உள்ளே இருக்கும் வாயுவை அயனியாக்குகிறது. அதனால் பிறக்கும் மின்துடிப்பை எண்ணுகிறார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்கள்!

2015-ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று நள்ளிரவை ஒட்டி, இந்த எண்ணிக்கை சுமார் இரண்டு மணி நேரம் வழக்கத்தைவிட உயர்ந்தது. சூரியனிலிருந்து வீசி எறியப்பட்ட மின்மப் பெருமேகம் பூமியின் காந்தப்புலத்தை மோதி நெருக்கியிருந்தது. காந்தப்புலம் நமக்கு ஒரு குடை மாதிரி. மின்னூட்டம் கொண்ட துகள்களில் ஆற்றல் குறைந்தவற்றை அது வளைத்துத் திருப்பி அனுப்பிவிடும். அந்தக் குடை சற்று நேரம் தளர்ந்தபோது, வழக்கமாகத் திரும்பிப் போக வேண்டிய துகள்கள் சில உள்ளே வந்துவிட்டன. கிரேப்ஸ்-3 குழுவினர் கணக்குகளைப் போட்டுச் சரிபார்த்து 2016-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கட்டுரையில் அவர்கள் சொன்னது 'காந்தக் கவசத்தின் தற்காலிகத் தளர்ச்சி'. செய்திகளில் அது 'பூமியின் காந்தக் கவசத்தில் விரிசல்' ஆயிற்று.

விரிசல் என்றால் பானையில் விழும் விரிசல் நினைவுக்கு வரும். விழுந்தால் விழுந்ததுதான். காந்தப்புலம் பானை அன்று. இரண்டு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. 'தற்காலிக' என்ற ஒரு சொல் தலைப்பிலிருந்து உதிர்ந்துபோனதால் எத்தனை பேர் தூக்கம் கெட்டதோ!

இன்னொன்றையும் கவனியுங்கள். செல்பேசிச் செய்தி பயமுறுத்துகிற மாதிரியே அண்டக்கதிர் உண்மையாகவே ஒரு நள்ளிரவில் அதிகமாக வந்தது. அன்றிரவு நம்மில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. காலையில் எழுந்து பல் விலக்கினோம். ஓராண்டுக்கு மேல் கழித்து அதைப் பத்திரிகையில்தான் படித்தோம்.

73 நானோ வினாடி

நம் காப்பாளருக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானச் செய்தி வேறொன்று. சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிடும்.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகில் செர்ன் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தொலைவில், இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இன்னோர் ஆய்வுக்கூடம். தூரத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள, சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயிலில் போகும் தொலைவை எண்ணிக்கொள்ளுங்கள். செர்னில் உண்டாக்கிய நியூட்ரினோக்கள் பாறைகளை ஊடுருவிக் கிரான் சாஸோவை அடைந்தன. மலைக்கு அடியில் இருந்த 'ஓபரா' என்ற கருவி அவற்றில் சிலவற்றைப் பிடித்தது. இந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ 2.4 மில்லி வினாடி ஆகும். நியூட்ரினோக்களோ அதைவிட 60 நானோ வினாடி முன்னதாக வந்துவிட்டதாகத் தெரிந்தது. நானோ வினாடி என்பது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளி செல்லும் தூரம் 30 சென்டிமீட்டர், அதாவது உங்கள் பெரிய அளவுகோலின் நீளம். 60 நானோ வினாடி என்றால் 18 மீட்டர். ஓட்டப் பந்தயத்தில் ஒளியை 18 மீட்டர் முந்திவிட்டது நியூட்ரினோ!

2011 செப்டம்பரில் இதை அறிவித்தார்கள். மூன்று ஆண்டுகளில் பிடித்த சுமார் 16,000 நிகழ்ச்சிகளை அலசியும் விடை மாறவில்லை. எங்கே தவறு என்று எங்களுக்குத் தெரியவில்லை, மற்றவர்களும் சோதித்துப் பாருங்கள் என்றுதான் அந்த விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் பத்திரிகைகளில் ஐன்ஸ்டீன் தோற்றுப்போயிருந்தார். "அவங்க புகார்ச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க சார். பேப்பர்ல அதையே தீர்ப்புன்னு போட்டுட்டாங்க" என்பது நம் காப்பாளரின் விமரிசனம்.

சந்தேகப்பட அப்போதே ஒரு காரணம் இருந்தது. 1987 பிப்ரவரியில், சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்த ஒரு விண்மீனின் ஒளி நம்மை வந்தடைந்தது. அதே விண்மீனின் நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரம் முன்பு வந்தன. (நியூட்ரினோ வேகமாக ஓடியதால் அன்று, வெடிப்பின் அதிர்ச்சி விண்மீனின் மேற்பரப்பை எட்டும்வரை ஒளியால் வெளியேற முடியாததால்.) ஓபரா சொன்ன வேகம் உண்மையானால், அந்த நியூட்ரினோக்கள் ஒளிக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்! விகிதக் கணக்குத்தான். 60 நானோ வினாடியை 2.4 மில்லி வினாடியால் வகுத்து, 1,68,000-ஆல் பெருக்குங்கள்.

2012 பிப்ரவரியில் குட்டு வெளிப்பட்டது. மலைக்கு வெளியே வானத்தைப் பார்த்தபடி இருந்த ஜி.பி.எஸ். கருவியிலிருந்து சரியான நேரத்தை 8.3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழை ஒன்று மலைக்கு அடியில் இருந்த தலைமைக் கடிகாரத்துக்குக் கொண்டுவந்தது. அந்த இழையின் செருகி முழுவதும் செருகப்படாமல் தளர்ந்திருந்தது. அவ்வளவுதான்!

ஒயர் தளர்ந்தால் சைகை வரும், அல்லது நின்றுபோகும். தாமதமாக எப்படி வரும்? இதைப் புரிந்துகொள்ளத் தெருக் குழாயடிக்குப் போவோம். குடத்தின் கழுத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் 'நிரம்பிற்று' என்று குரல் கொடுக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வேகமாக வந்தால் குரல் சீக்கிரம் எழும். ஒல்லியாக வந்தாலும் குரல் எழத்தான் செய்யும், ஆனால் தாமதமாகும். ஒளியிழையின் மறுமுனையில் இருந்த ஒளி உணர்வான் இந்தக் குடத்தைப் போன்றது. விழும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்து, குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் 'நேரச் சைகை வந்துவிட்டது' என்று சொல்லும். செருகி சரியாகப் பொருந்தாததால் ஒளி குறைந்தது. குடம் நிரம்ப 73 நானோ வினாடி கூடுதலாக ஆயிற்று. மலைக்கு அடியில் இருந்த கடிகாரம் அந்த அளவு பின்தங்கி ஓடியது. ரயில் நிலையக் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தால், 9 மணிக்கு வந்த வண்டி 8.58-க்கே வந்துவிட்டதாகத் தோன்றும் அல்லவா? நியூட்ரினோவின் கதையும் அதுதான். கடிகாரத்தின் இன்னொரு பகுதியில் எதிர்த் திசையில் இருந்த சிறு பிழையையும் சேர்த்துத் திருத்தியதும், நியூட்ரினோ ஒளியின் வேகத்தை மீறவில்லை என்று தெளிவாயிற்று.

அந்தச் செருகி எத்தனை நாளாகத் தளர்ந்திருந்தது? அதைக் கண்டுபிடித்த விதம் மிக அழகானது. அதே மலைக்கு அடியில், ஓபராவிலிருந்து சுமார் 160 மீட்டர் தொலைவில் வேறொரு கருவி இருந்தது. மலையைத் துளைத்துக் கிடைமட்டமாக வரும் அண்டக்கதிர் மியூவான்கள் எப்போதாவது இரண்டு கருவிகளையும் கடந்து செல்லும். அப்படிச் சென்ற மியூவான்களின் நேரங்களை இரண்டு பதிவேடுகளிலும் ஒப்பிட்டார்கள். 2008-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 2011 டிசம்பர் வரை ஓபராவின் கடிகாரம் பின்தங்கியிருந்தது புலப்பட்டது. செல்பேசிச் செய்தியில் வில்லனாக வரும் அண்டக்கதிர் இங்கே சாட்சி சொல்ல வந்திருக்கிறது!

"எந்தப் பேராசிரியர் கூப்பிட்டு நெட் வரலைன்னாலும் நான் முதல்ல கேக்கறது ஒயர் சரியா மாட்டியிருக்கான்னுதான். கோவிச்சுக்குவாங்க. ஐன்ஸ்டீனையே காப்பாத்தின கேள்வி சார் அது!" என்கிறார் நம் காப்பாளர்.

எடை போட்டுப் பார்த்தால்

ஓபராவில் யாரும் ஏமாற்றவில்லை. ஏமாற்று கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலமே பாடம். 1996-ல் ராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த ராமர் பிள்ளை, ஒரு மூலிகையையும் தண்ணீரையும் கொண்டு பெட்ரோல் தயாரிப்பதாகச் சொன்னார். விஞ்ஞானிகள் முன்னிலையிலும் செய்து காட்டினார். பார்த்தவர்களில் சிலர் வியந்துபோனார்கள். நாடு முழுவதும் அதே பேச்சு. பின்னர் அது கலக்கும் குழாயில் பெட்ரோலை மறைத்து வைத்துச் செய்த வித்தை என்ற விளக்கம் வெளிவந்தது. அதன் பிறகும் அந்த 'எரிபொருள்' விற்பனைக்கு வந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் ஒன்று அவருக்கும் மற்றும் நால்வருக்கும் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. செய்தி ஒரே நாளில் பரவியது; தீர்ப்பு வர இருபது ஆண்டுகள் ஆயின.

உங்கள் பாடப்புத்தகமும் ஒரு தராசும் இருந்தால் அன்றே இதைச் சோதித்திருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். அதில் உள்ள ஆக்டேன் என்ற பொருளின் வாய்பாட்டில் கார்பன் அணுக்கள் எட்டு, ஹைட்ரஜன் அணுக்கள் பதினெட்டு. எடைக் கணக்கில் நூற்றுக்கு 84 பங்கு கார்பன். அப்படியானால் ஒரு லிட்டருக்கு 600 கிராமுக்கு மேல் கார்பன் வேண்டும். தண்ணீரில் கார்பனே கிடையாது. ஒரு கைப்பிடி இலையிலிருந்து அவ்வளவு கார்பன் எப்படி வரும்? ஆற்றல் கணக்கு இன்னும் மோசம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் கிடைக்கும். தண்ணீரோ ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மீண்டும் விறகாக்க, எரிந்தபோது வெளிப்பட்ட அத்தனை ஆற்றலையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அடுப்பில் நாலு சுள்ளி வைத்துக் கிண்டினால் போதாது.

நேற்று என்ன மாற்றினாய்?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை பத்து மணி வாக்கில் உலகமெங்கும் கணிப்பொறிகள் நீலத்திரையைக் காட்டி நின்றுபோயின. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளும் வங்கிகளும் திணறின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 'இணையத் தாக்குதலா?' என்று செய்திகள் கேட்டன. எந்த நாடு தாக்கியது என்றுகூடச் சிலர் ஊகித்துவிட்டார்கள்.

எந்த நாடும் தாக்கவில்லை. கணிப்பொறிகளைத் தாக்குதலிலிருந்து காப்பதற்கென்று கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம் விற்ற காவல் நிரலே கவிழ்த்துவிட்டது. அன்று காலை அந்த நிறுவனம் தன் நிரலுக்குப் புதிய கோப்பு ஒன்றை அனுப்பியது. அதன் வார்ப்பில் 21 விவரங்களுக்கு இடம் இருந்தது. நிரல் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவது விவரத்தைத் தேடி, நினைவகத்தில் போகக் கூடாத இடத்துக்குப் போய்க் கணிப்பொறி விழுந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்துவிட்ட சுமார் 85 லட்சம் கணிப்பொறிகளில் மிகப் பலவற்றுக்குக் காப்பாளர்கள் ஒவ்வொன்றாக நேரில் போய் எழுப்பிவிட வேண்டியிருந்தது. நம் நண்பரின் கல்லூரியில் அந்த நிரல் இல்லை. ஆகவே அன்று அவர் டீ குடித்துக்கொண்டே செய்தி கேட்டார். "வெளியில எதிரியைத் தேடறதுக்கு முன்னால, கடைசியா நாம எதை மாத்தினோம்னு பாக்கணும் சார்" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை என்ற செய்தி

இதுவரை படித்ததும், 'செய்தி என்றாலே பொய்' என்று உதட்டைப் பிதுக்கத் தோன்றுகிறதா? நம் காப்பாளர் கிண்டலை விட்டுவிட்டுக் கோபப்படும் ஒரே இடம் இதுதான்.

1960-களில் கணிப்பொறியின் நினைவகம் மிக விலை உயர்ந்த சரக்கு. ஆகவே 1965 என்பதை 65 என்று மட்டும் எழுதிச் சிக்கனம் பிடித்தார்கள். அந்தப் பழக்கம் தொடர்ந்தது. 99-க்குப் பிறகு 00 வரும்போது, கணிப்பொறி அதை 1900 என்று எடுத்துக்கொண்டால் வட்டிக் கணக்கும் ஓய்வூதியக் கணக்கும் தலைகீழாகும். 'ஒய்-2-கே' என்று உலகமே பேசிய சிக்கல் இது. நம் நாட்டு நிரலாளர்கள் ஆயிரக்கணக்கானோர், சென்னையில் இருந்தவர்களும்தான், பழைய நிரல்களை வரி வரியாகப் படித்துத் திருத்தினார்கள். 2000 ஜனவரி 1 விடிந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையப் பக்கம் ஆண்டை 19100 என்று காட்டியது. (ஏன் என்று யோசியுங்கள்: 19-க்குப் பக்கத்தில் 99-க்கு அடுத்த எண்ணை ஒட்டினால்?) இப்படிச் சில்லறைத் தவறுகளோடு போயிற்று.

உடனே 'எல்லாம் வீண் பீதி, பணம் பறிக்கும் வேலை' என்று எழுதினார்கள். இன்றும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது, பல லட்சம் மக்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். இறந்தவர்கள் நூறு பேரைக்கூட எட்டவில்லை. அதற்காகப் புயல் பொய் என்று யாராவது சொல்வார்களா? "சர்வர் நின்னா என்னைத் திட்டறாங்க. நிக்காம ஓடினா 'இவனுக்கு என்ன வேலை'ங்கறாங்க" என்று அவர் அலுத்துக்கொள்வதும் இதே கணக்குத்தான்.

மாணவ நண்பர்களே, உங்கள் தலைமுறைக்கென்று இப்படி ஒரு நாள் காத்திருக்கிறது. பல கணிப்பொறி அமைப்புகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த வினாடிகளாக எண்ணி வைக்கின்றன. அந்த எண்ணிக்கையை எழுத 32 இருமஇலக்க இடங்களை ஒதுக்கினார்கள். அவற்றில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 இடங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. ஒரு நாளுக்கு 86,400 வினாடி என்று வகுத்துப் பாருங்கள். 68 ஆண்டுகளும் சில நாள்களும் வரும். இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அந்த எண் நிரம்பிவிடும். அடுத்த வினாடி குறி மாறி, கடிகாரம் 1901 டிசம்பருக்குத் தாவும்.

புதிய கணிப்பொறிகளில் 64 இடங்கள் உள்ளன. அவை நிரம்ப 29,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பேரண்டத்தின் வயதே 1380 கோடி ஆண்டுதான். ஆகவே அங்கே கவலை இல்லை. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், அளவிகள் என்று எங்கெங்கோ சுவரோடு பதிந்து, யாரும் திறந்தே பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சில்லுகளில்தான் வேலை இருக்கிறது. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து மாற்ற வேண்டியவர்களில் உங்களில் சிலரும் இருப்பீர்கள்.

நம் காப்பாளர் தம் அறைச் சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறார். '2038 ஜனவரி 19: விடுப்பு எடுக்கக் கூடாது' என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. 'இத்தனை கணிப்பொறிகள் இருக்கும்போது இதை ஏன் தம்பி காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள்? கணிப்பொறியில் குறித்து வைத்தால் அதுவே நினைவூட்டுமே?' என்று கேட்டேன்.

"அன்னைக்கு அது தேதி 1901-ன்னு நினைச்சுக்கிட்டா?" என்றார்.